மாசசூசெட்ஸ் வீட்டு ஆயில் டேங்க்: பராமரிப்பிலிருந்து மாற்றுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பாஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் நம்மவர்கள் வாங்கும் வீடுகளில் பல 1950களிலும் 60களிலும் கட்டியவை. பள்ளிக்கூடம் எப்படி, ரயில் நிலையம் எவ்வளவு தூரம், சமையலறை புதிதா என்றெல்லாம் அலசிவிட்டுத்தான் வாங்குகிறோம். பேஸ்மென்ட் மூலையில், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைத் தாங்கி நான்கு கால்களில் நிற்கும் இரும்பு டேங்கை மட்டும், "ஓ, ஆயில் ஹீட்டிங்கா" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். மூன்றாவது குளிர்காலத்தில் துணி துவைக்கக் கீழே போன என் மனைவி, "டீசல் வாசனை வருதுங்க" என்றார். போய் டேங்கின் அடியில் விரல் வைத்துப் பார்த்தேன். பிசுபிசுவென்று ஈரம். துடைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் இன்னொரு துளி, மிளகு அளவில்.

அந்தத் துளி வருவதற்கு முன்பே டேங்கை மாற்றியிருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான். அந்த முடிவை எப்படி எடுப்பது, அதுவரை டேங்கை எப்படிப் பார்த்துக்கொள்வது, மாற்றும் நாளில் எதைக் கவனிப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். மாசசூசெட்ஸை வைத்து எழுதுகிறேன். கனெக்டிகட், நியூ யார்க், நியூ ஜெர்சி, மேய்ன் வீடுகளிலும் டேங்கும் எண்ணெயும் இதேதான். அனுமதியும் சட்டமும் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

உங்களிடம் இருப்பது என்ன?

ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போங்கள். நிற்பது பெரும்பாலும் 275 கேலன் டேங்காக இருக்கும். சுமார் ஐந்து அடி நீளம், 44 அங்குல உயரம், 27 அங்குல அகலம். 330 கேலனும் உண்டு. 275 என்று பெயர் இருந்தாலும் 250 கேலன் அளவுக்குத்தான் நிரப்புவார்கள். எண்ணெய் சூட்டில் விரிவதற்கு மேலே இடம் வேண்டும். உள்ளே இருப்பது "நம்பர் 2" எண்ணெய். கிட்டத்தட்ட டீசலேதான். சாலை வரி கட்டாத எண்ணெய் என்று அடையாளம் தெரிவதற்காகச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். ஒரு கேலன் ஏழு பவுண்டுக்குச் சற்று மேல். நிறைந்த டேங்க், இரும்பின் எடையையும் சேர்த்தால் 900 கிலோவைத் தொடும். அந்த எடை முழுக்க நான்கு மெல்லிய குழாய்க் கால்களில் நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

டேங்கின் தலையிலிருந்து இரண்டு குழாய்கள் சுவரைத் துளைத்து வெளியே போகும். பெரியது எண்ணெய் ஊற்றும் ஃபில் பைப். மற்றது காற்று வெளியேறும் வென்ட் பைப். வென்ட் ஏறும் இடத்தில் டேங்குக்குள் ஒரு சிறு விசில் இருக்கும். எண்ணெய் உள்ளே போகப் போகக் காற்று வெளியேறி அந்த விசில் ஊதும். எண்ணெய் மட்டம் அதைத் தொட்டதும் சத்தம் நிற்கும். லாரி ஓட்டுநர் எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வது அந்தச் சத்தத்தை வைத்துத்தான். மேலே கண்ணாடிக் குப்பிக்குள் ஏறி இறங்கும் மிதவை, அளவு காட்டும் கேஜ். கீழே ஒரு முனையில் வால்வு. தீப்பிடித்தால் அதன் உள்ளிருக்கும் உலோகம் சூட்டில் உருகி வால்வு தானே மூடிக்கொள்ளும். அதையடுத்து ஒரு ஃபில்டர். அங்கிருந்து எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் பர்னர் வரை சுண்டுவிரல் தடிமனில் ஒரு செம்புக் குழாய்.

அடுத்து வயதைக் கண்டுபிடியுங்கள். டேங்கின் மேலேயோ பக்கவாட்டிலோ சின்ன உலோகத் தகடு இருந்தால் தயாரித்த ஆண்டு அதில் இருக்கலாம். பெயின்ட் அடித்து மறைத்திருந்தால், உங்கள் ஊர்த் தீயணைப்புத் துறையில் கேளுங்கள். இங்கே டேங்க் வைப்பதற்கும் எடுப்பதற்கும் அனுமதி கொடுப்பது அவர்கள்தான். உங்கள் முகவரிக்குப் பழைய அனுமதிச் சீட்டு இருந்தால் எடுத்துத் தருவார்கள். எங்கள் வீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. வீடு கட்டியபோது வைத்த டேங்கே அது என்பதற்கு அதுவே பாதி ஆதாரம்.

டேங்க் உள்ளிருந்துதான் சாகிறது

வெளியே பளபளவென்று பெயின்ட் இருக்கும் டேங்க் அடுத்த மாதமே ஒழுகலாம். துருவேறிய டேங்க் இன்னும் பத்து வருடம் நிற்கலாம். இதற்குக் காரணம், அரிப்பு நடக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாததுதான்.

வென்ட் வழியாக டேங்க் எப்போதும் மூச்சு விடுகிறது. எண்ணெய் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே வருகிறது; அதில் உள்ள ஈரம் குளிர்ந்த இரும்புச் சுவரில் பட்டு வியர்க்கிறது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் வழிந்து அடியில் போய்த் தங்கிவிடும். எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் அந்த மெல்லிய கோட்டில் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. அவற்றின் கழிவும் பழைய எண்ணெயின் கசடும் சேர்ந்து கருப்புச் சேறாகப் படிகிறது. அந்தச் சேற்றில் அமிலம் உண்டு. அது இரும்பை அடியிலிருந்து ஊசி ஊசியாகக் குடையும். பழைய எண்ணெயில் கந்தகமும் அதிகம். நியூ இங்கிலாந்து மாநிலங்களில் 2018 ஜூலையிலிருந்துதான் பத்து லட்சத்தில் 15 பங்கு என்ற அளவுக்குக் கந்தகம் குறைந்த எண்ணெய் கட்டாயமானது. மாசசூசெட்ஸில் 2014க்கு முன் விற்ற எண்ணெயில் இதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் இருந்தது. உங்கள் டேங்க் 1970லோ 1990லோ வைத்ததென்றால், அத்தனை வருடக் கசடும் இன்னும் அதன் அடியில்தான் கிடக்கிறது.

ஆக, அடிப்பாகத்தைத்தான் பார்க்க வேண்டும். செப்டம்பரில், ஹீட்டிங் தொடங்குவதற்கு முன், ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை எடுத்து டேங்கின் அடிவயிற்றில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தடவுங்கள். வால்வு, ஃபில்டர், குழாய் இணைப்புகளையும் அப்படியே. பேப்பரில் சிவப்பு ஒட்டினால் கசிவு. பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா, பற்றவைத்த தையலில் ஈரக் கோடு தெரிகிறதா, கால்கள் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தேகமான இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காதீர்கள், கத்தியால் சுரண்டாதீர்கள். அந்தத் துரு மட்டுமே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால், அல்ட்ராசவுண்ட் கருவியால் இரும்பின் தடிமனை அளந்து சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடியில் பல புள்ளிகளில் அளக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு புள்ளியின் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் அரிப்பு திட்டுத்திட்டாகத்தான் வரும்.

டேங்க் வீட்டுக்கு வெளியே நிற்கிறதா? அப்படியானால் இன்னும் கவனம் வேண்டும். வெயிலும் பனியும் மாறி மாறி வருவதால் வியர்வை அதிகம். கால்கள் மண்ணில் புதைந்து டேங்க் சாயலாம். கூரையிலிருந்து விழும் பனிக்கட்டி அடி வால்வை உடைத்துவிட்டால் ஓர் இரவில் டேங்க் முழுவதும் மண்ணுக்குள் போய்விடும். வால்வுக்கும் ஃபில்டருக்கும் மேல் ஒரு மரப்பெட்டியோ தகரக் கூரையோ போட்டுவிடுங்கள். கடுங்குளிரில் நம்பர் 2 எண்ணெயில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துக்கொள்ளும் என்பதால், வெளியே நிற்கும் டேங்குக்கு மண்ணெண்ணெய் கலந்து ஊற்றுவது வழக்கம். ஆயில் கம்பெனியிடம் டேங்க் வெளியே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவர்களே கலந்து கொண்டுவருவார்கள்.

கான்கிரீட்டுக்குள் போகும் குழாய்

டேங்கைவிட ஆபத்தானது இது. பழைய வீடுகளில் டேங்கிலிருந்து பர்னருக்குப் போகும் செம்புக் குழாயைப் பேஸ்மென்ட் தரைக்குள்ளேயே புதைத்து சிமென்ட் பூசியிருப்பார்கள். சிமென்டோடு ஒட்டிக் கிடக்கும் செம்பு காலப்போக்கில் அரிக்கும். டேங்க் ஒழுகினால் தரையில் தெரியும், வாசனை வரும். இந்தக் குழாய் ஒழுகினால் எண்ணெய் நேராக வீட்டுக்கு அடியில் உள்ள மண்ணுக்குப் போகும். "இந்த வருஷம் ஆயில் ரொம்பச் செலவாகுதே" என்ற பேச்சுதான் பல வீடுகளில் முதல் அறிகுறி.

இதற்காகவே மாசசூசெட்ஸ் ஒரு சட்டம் போட்டது. 2010 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்தது. ஒன்று முதல் நான்கு குடும்பங்கள் வாழும் ஆயில் ஹீட்டிங் வீடுகளில் பெரும்பாலானவை 2011 செப்டம்பர் 30க்குள் இரண்டில் ஒன்றைச் செய்திருக்க வேண்டும். ஒன்று, குழாயைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட வேண்டும். இல்லையென்றால், டேங்க் முனையில் ஆயில் சேஃப்டி வால்வு வைக்க வேண்டும். பர்னர் பம்ப் இழுத்தால்தான் இந்த வால்வு எண்ணெயை விடும். குழாய் உடைந்தால் இழுவை போய்விடும், வால்வு தானாக மூடிக்கொள்ளும். சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும் செய்யாத வீடுகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இரண்டில் எது இருக்கிறது என்று வருடாந்திர சர்வீஸுக்கு வரும் டெக்னீஷியனிடம் கேளுங்கள். அவர் கை வைத்துக் காட்ட வேண்டும். "இருக்கும் சார்" என்ற பதில் போதாது. உரிமம் உள்ளவர் வேலையை முடித்ததற்கான சான்றையும் வாங்கி வையுங்கள்.

எண்ணெய் ஊற்றும்போது

கேஜ் கால் பங்கைத் தொடும்போது ஆர்டர் செய்யுங்கள். ஏன் கால்? ஒரு சின்னக் கணக்கு. 65 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து அன்றைய சராசரி வெப்பத்தைக் கழித்தால் வருவது அன்றைய டிகிரி டே. சராசரி 30 என்றால் 35 டிகிரி டே. உங்கள் வீடு ஒரு கேலனில் எத்தனை டிகிரி டே தாங்கும் என்பது பழைய பில்களிலிருந்து தெரியும். இரண்டு டெலிவரிக்கு இடைப்பட்ட டிகிரி டே மொத்தத்தை, ஊற்றிய கேலனால் வகுத்தால் போதும். அது ஐந்து என்றால் அந்த நாளில் ஏழு கேலன் எரியும். கால் டேங்க் ஏறத்தாழ 65 கேலன், ஒன்பது நாள். ஜனவரியில் பனிப்புயல் வந்து லாரி நான்கு நாள் தாமதமானாலும் தாங்கும். ஆயில் கம்பெனிகள் தானாக வந்து நிரப்பும் திட்டத்தில் வைத்திருப்பதும் இதே கணக்குதான். குழந்தை பிறந்து வீட்டை இன்னும் சூடாக வைக்கிறீர்கள், அல்லது ஊருக்குப் போய் ஒரு மாதம் வீடு பூட்டியிருக்கிறது என்றால் அவர்கள் கணக்கு தப்பும், சொல்லிவிடுங்கள்.

லாரி வருவதற்கு முன் ஃபில் பைப்புக்குப் போகும் வழியில் பனியை அள்ளி வையுங்கள். வென்ட் குழாயின் வாயில் பனி அடைத்திருக்கிறதா, குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காற்று வெளியேற வழியில்லாமல் லாரி பம்ப் தள்ளினால் பழைய டேங்க் வெடித்துக்கூடத் திறந்துவிடும். முதல் சில நொடிகளில் விசில் கேட்கவில்லை என்றால் நல்ல ஓட்டுநர் உடனே நிறுத்திவிடுவார். டேங்க் கால் பங்குக்குக் கீழே இருக்கும்போது ஊற்றினால், பர்னரை முன்பே அணைத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள். கலங்கிய சேறு அடங்க நேரம் வேண்டும்.

எண்ணெய் தீர்ந்து பர்னர் நின்றுவிட்டால், சிவப்பு ரீசெட் பட்டனை ஒரு முறை அழுத்தலாம். அதற்கு மேல் கூடாது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரியாத எண்ணெய் அறைக்குள் தெளித்துச் சேரும். கடைசியில் பற்றும்போது குப்பென்று வெடித்து வீடெல்லாம் கரியாகும். இரவில் வீடு உறையும் நிலை என்றால் பெட்ரோல் பங்கில் டீசல் கிடைக்கும். மஞ்சள் கேனில் ஐந்து கேலன் வாங்கி ஊற்றலாம், அதுவும் எரியும். பெட்ரோலை ஒருக்காலும் ஊற்றக் கூடாது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதும் வேண்டியிருக்கும். பழக்கம் இல்லையென்றால் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

கசிந்துவிட்டால்

முதலில் பர்னர் சுவிட்சை அணையுங்கள். அடுத்து ஒரு தட்டு, வாளி, எது கிடைக்கிறதோ அதைச் சொட்டுக்கு அடியில் வையுங்கள். தரையில் இருப்பதன் மேல் பூனை வளர்ப்பவர்கள் வாங்கும் கேட் லிட்டர் மண்ணைக் கொட்டுங்கள், நன்றாக உறிஞ்சும். பேஸ்மென்டில் தண்ணீர் இறைக்கும் சம்ப் பம்ப் இருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். இல்லையென்றால் எண்ணெயைத் தோட்டத்துக்கும் மழைநீர் வடிகாலுக்கும் அதுவே தள்ளிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்.

துளி சின்னதாக இருந்தால் குளியல் சோப்புக் கட்டியை அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தால் தற்காலிகமாக அடைக்கும். நானும் அப்படித்தான் செய்தேன். ஓர் இரவு தாங்கியது. காந்தத்தால் ஒட்டும் அடைப்பான்களும் ஆயில் கம்பெனிகளிடம் உண்டு. எதுவாக இருந்தாலும் அது எண்ணெயை வேறு டேங்குக்கு இறைக்கும் வரைதான். ஒட்டுப் போட்ட டேங்கை நம்பி ஒரு குளிர்காலத்தை ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஓட்டம் பெரிதாக இருந்தால் 911. மாசசூசெட்ஸில் 10 கேலனோ அதற்கு மேலோ சுற்றுப்புறத்துக்குள் போனால், தெரிந்த இரண்டு மணி நேரத்துக்குள் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குச் சொல்ல வேண்டும். பயந்து மறைப்பது எண்ணெயை நிலத்தடி நீர் வரைக்கும் போக விடுவதாகும். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊர்களில் அது உங்கள் வீட்டோடு நிற்காது.

அப்புறம் இன்ஷூரன்ஸ். சாதாரண வீட்டுப் பாலிசியில் எண்ணெய்க் கசிவுக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. மேலே சொன்ன சட்டம்தான், கேட்பவர்களுக்கு இதற்கான கூடுதல் பாதுகாப்பைக் கம்பெனிகள் தர வேண்டும் என்றும் சொல்கிறது: உங்கள் சொத்தைச் சுத்தம் செய்யக் குறைந்தது 50,000 டாலர், அடுத்தவர் சொத்தும் நிலத்தடி நீரும் பாதித்தால் 200,000 டாலர். தானாக வராது, நீங்கள் கேட்டுச் சேர்க்க வேண்டும். சேஃப்டி வால்வு அல்லது குழாய் உறை இருப்பதற்கான சான்றையும் கேட்பார்கள். இந்தப் பத்தியைப் படித்த கையோடு ஏஜென்டுக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

எப்போது மாற்றுவது?

என் கணக்கு இதுதான். வெளியே நிற்கும் ஒற்றைச் சுவர் டேங்க் 15 வயதைத் தாண்டினால் மாற்றுவதற்குப் பணம் ஒதுக்கத் தொடங்குங்கள். பேஸ்மென்ட் டேங்க் 30 தாண்டினாலே யோசியுங்கள். வயதே தெரியாத டேங்க் என்றால் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தடிமன் அளந்ததில் ஏதாவது ஒரு புள்ளி மோசமாக வந்தால் வயதைப் பார்க்காதீர்கள்.

மாற்றுவதற்கு ஏற்ற காலம் மே முதல் ஆகஸ்ட் வரை. அப்போது டெக்னீஷியன்களுக்கு நேரம் இருக்கும், வீட்டுக்கு ஹீட்டிங் தேவைப்படாது, டேங்கும் வற்றியிருக்கும். கடைசி டெலிவரியைக் குறைத்து வாங்கி, கால் பங்குக்குக் கீழே வரும்படி திட்டமிடுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிப்ரவரியில், டேங்க் முக்கால் நிறைந்திருக்கும்போது, மூன்று நாள் எலெக்ட்ரிக் ஹீட்டரோடு ஒரே அறையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு மாற்றினோம்.

பர்னர் பொருத்திய, வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கும் 25 வயது ஆகிவிட்டதென்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். புதிய டேங்க் அடுத்த முப்பது வருடத்துக்கு உங்களை எண்ணெயோடு கட்டிப்போடும். வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப், அல்லது தெருவில் குழாய் இருந்தால் கேஸ், இரண்டுக்கும் மதிப்பீடு வாங்கிப் பாருங்கள். ஹீட் பம்ப் எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். சுவரில் இன்சுலேஷன் இல்லாத பழைய வீட்டில் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். ஆனால் கேட்காமல் டேங்க் வாங்குவது தவறு. எங்கள் பாய்லர் ஆறு வயதுதான் என்பதால் நாங்கள் எண்ணெயிலேயே இருந்தோம்.

எந்த டேங்க்?

இரட்டைச் சுவர் டேங்க் வாங்குங்கள். ராத் என்ற கம்பெனியின் டேங்கில் உள்ளே தையல் இல்லாத பிளாஸ்டிக் தொட்டி, அதைச் சுற்றி வெளியே துத்தநாகம் பூசிய இரும்புத் தொட்டி. அடியில் தேங்கும் தண்ணீரால் பிளாஸ்டிக்கை அரிக்க முடியாது. எப்படியாவது உள்தொட்டி விட்டாலும் வெளித்தொட்டி பிடித்துக்கொள்ளும். எண்ணெயை மேலிருந்துதான் இழுக்கும், அடியில் உடைவதற்கு வால்வே இல்லை. கிரான்பி கம்பெனியும் இரட்டைச் சுவர் டேங்க் தருகிறது. மேலிருந்து இழுப்பதால் குழாயில் காற்று சேராமல் பிரித்தெடுக்கும் ஒரு சிறு கருவியைப் பர்னர் பக்கம் சேர்க்க வேண்டியிருக்கலாம். மதிப்பீட்டில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒற்றைச் சுவர் இரும்பு டேங்க் விலை குறைவு. வாங்கினால் தடித்த இரும்பு, அடிமுனையில் வெளியேறும் வழி உள்ளதாகப் பாருங்கள். அந்த முனைப் பக்கம் சற்றே சாய்த்து வைத்தால் தண்ணீர் தேங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். எனக்கு இரட்டைச் சுவருக்கு வந்த மூன்று மதிப்பீடுகளும், பழையதை எடுப்பது உட்பட, 3,000 டாலருக்கும் 4,500 டாலருக்கும் இடையில் இருந்தன. வீட்டுக்கு அடியில் மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்ய இதைப்போல் பல மடங்கு ஆகும்.

வாங்குவதற்கு முன் வெளியிலிருந்து பேஸ்மென்டுக்கு இறங்கும் பல்க்ஹெட் கதவையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். டேங்க் வந்து வாசலில் நின்ற பிறகு அளப்பது வேண்டாம்.

மாற்றும் நாள்

அனுமதி தீயணைப்புத் துறையில். ஒப்பந்தக்காரர் வாங்குவார், நகலை நீங்கள் பாருங்கள். "அனுமதி இல்லாமல் மலிவாக முடித்துத் தருகிறேன்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வீட்டை விற்கும்போதும் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் அந்தச் சீட்டுதான் பேசும்.

காலையில் வந்ததும் பழைய எண்ணெயை இறைப்பார்கள். அதில் மேலே உள்ள தெளிந்த எண்ணெயை மட்டும் வடிகட்டிப் புதிய டேங்குக்கு விடச் சொல்லுங்கள். அடிக்கசடு கழிவாகப் போக வேண்டும். அதையும் சேர்த்து ஊற்றினால் பழைய டேங்கின் நோயைப் புதியதற்குக் கொடுத்ததாகிவிடும். பழைய டேங்கைத் திறந்து துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, முழுதாகவோ அறுத்தோ வெளியே எடுப்பார்கள். எங்களுடையதை அறுத்தபோது அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தார் மாதிரிச் சேறு. டெக்னீஷியன் அடிப்பாகத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வானத்து நட்சத்திரம் மாதிரி புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் வந்தது. சொட்டியது ஒன்றுதான். மற்றதை எல்லாம் சேறுதான் அடைத்து வைத்திருந்தது.

புதியது உறுதியான, மட்டமான கான்கிரீட் மேல் நிற்க வேண்டும். பர்னர் நெருப்பிலிருந்து குறைந்தது ஐந்து அடி தள்ளி. செம்புக் குழாயைப் புதிதாக, உறைக்குள், முடிந்தால் தரைக்கு மேலேயே கொண்டுபோகச் சொல்லுங்கள். புதைத்த பழைய குழாயை மறுபடி இணைக்க விடாதீர்கள். பாதி வேலை செய்ததாகத்தான் ஆகும். புதிய ஃபில்டர், புதிய விசில், புதிய கேஜ். ஃபில், வென்ட் குழாய்கள் துருப்பிடித்திருந்தால் அவையும். வென்ட்டின் வெளிமுனை ஜன்னலிலிருந்து இரண்டடியாவது விலகி, பனி மூடாத உயரத்தில் இருக்க வேண்டும். முதல் டெலிவரியின்போது பேஸ்மென்டில் நின்று ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை.

பழைய ஃபில் பைப்பை விட்டுவைக்காதீர்கள்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்காவது நடக்கிறது. டேங்கை எடுத்துவிட்டுக் கேஸுக்கோ ஹீட் பம்புக்கோ மாறியிருப்பார்கள். அல்லது டேங்கை வேறு மூலைக்கு நகர்த்தியிருப்பார்கள். வெளிச்சுவரில் பழைய ஃபில் பைப் அப்படியே நிற்கும். முகவரி மாறி வந்த லாரியோ, பழைய கணக்கில் தானாக வந்த லாரியோ அதில் குழாயை மாட்டி, டேங்கே இல்லாத பேஸ்மென்டில் நூற்றுக்கணக்கான கேலனைக் கொட்டிவிடும். மூடி போட்டால் போதாது, சிமென்ட் ஊற்றினாலும் எனக்குத் திருப்தி இல்லை. குழாயையே பிடுங்கி, சுவர்த் துளையை அடைக்க வேண்டும். ஆயில் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லி, கணக்கு மூடியதற்குப் பதிலும் வாங்குங்கள்.

மண்ணுக்கு அடியில் டேங்க்

வீடு வாங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். தோட்டத்தில் 550 அல்லது 1,000 கேலன் இரும்பு டேங்கைப் புதைப்பது ஒரு காலத்தில் சாதாரணம். நியூ ஜெர்சியில், எடிசன் போன்ற நம்மவர்கள் நிறைந்த ஊர்களைச் சுற்றி, இது மிக அதிகம். நிலத்தடி டேங்குகளுக்கு 1988ல் வந்த ஃபெடரல் விதிகள், வீட்டுச் சூட்டுக்கான எண்ணெய் டேங்கைத் தொடவில்லை. ஆகவே பலவற்றுக்குப் பதிவே கிடையாது. புல்வெளியிலோ சுவரோரத்திலோ எதற்கென்று தெரியாத குழாய் முனை, பேஸ்மென்ட் சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும் வெட்டிய செம்புக் குழாய் இரண்டும் அடையாளம். இன்று கேஸ் ஹீட்டிங் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். 1970களுக்கு முன் கட்டிய வீடு என்றால் காந்தக் கருவியாலும் ரேடாராலும் தேடச் சொல்லுங்கள். சில நூறு டாலர் செலவு.

இருப்பது தெரிந்தால், விற்பவரே கையெழுத்துக்கு முன் தோண்டி எடுத்து, மண் பரிசோதனை அறிக்கை தர வேண்டும் என்று பேசுங்கள். மணலோ நுரையோ நிரப்பி அப்படியே விட்டுவிட்டோம் என்று சொன்னால், அடியில் மண்ணைச் சோதித்த காகிதம் எங்கே என்று கேளுங்கள். நியூ ஜெர்சியில் கசிவு இருந்து சுத்தம் செய்திருந்தால், மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்று மாநிலம் கொடுத்த கடிதம் இருக்கும். அது கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். "அதெல்லாம் பிரச்சினை வராது" என்று வீட்டு விற்பனை முகவரான ரியல்டர் சொல்வது கடிதம் ஆகாது.

ஃபைலில் இருக்க வேண்டியவை

தீயணைப்புத் துறை அனுமதியும் ஆய்வு முடிந்த கையெழுத்தும். பழைய டேங்கைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தின் ரசீது. குழாய் உறை அல்லது சேஃப்டி வால்வுக்கான சான்று. புதிய டேங்கின் வாரன்டி அட்டை. சில கம்பெனிகளில் பதிவு செய்தால்தான் செல்லும், அதை அன்றே செய்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கூடுதல் பக்கம். டேங்கின் நான்கு பக்கமும் எடுத்த புகைப்படம். டேங்கை வைத்த தேதியை அதன் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருபவர்கள் தீயணைப்புத் துறையில் போய்த் தேட வேண்டியிருக்காது.